வைக்கோலுக்குள் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலில் அரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஆனால் ஒரு தாளை எடுத்து மென்று பார்த்தால் துளியும் இனிக்காது. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, சங்கிலிகள் கயிறாகத் திரிந்து, கயிற்றைச் சுற்றிக் கொடி படர்ந்து, அதன் மேல் பசை இறுகி நிற்கிறது. கயிறு செல்லுலோஸ், கொடி ஹெமிசெல்லுலோஸ், பசை லிக்னின். செல்லுலோஸை அறுக்கும் நொதிகளை விலை கொடுத்து வாங்கி வந்து வைக்கோல் மீது நேராக ஊற்றினால், பசையின் மேல் வழிந்து நிற்குமே தவிர கயிற்றைத் தொடாது. சிறு பங்கு சர்க்கரைதான் வெளிவரும். நொதி உள்ளே நுழைய வழி திறந்து விடும் வேலைக்குத்தான் முன்பதப்படுத்தல் என்று பெயர்.

இந்த வேலை நம் தொழுவங்களுக்குப் புதிதன்று. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்து மாட்டுக்குப் போடும் முறையைக் கால்நடைத் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறார்கள். யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா, லிக்னினின் பிடியைத் தளர்த்துகிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பிறகு எளிதாக வேலை செய்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனப் பஞ்சத்தில் தவித்த ஜெர்மனியில், வேதியியலாளர் எர்ன்ஸ்ட் பெக்மன் வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மாடுகளுக்குக் கொடுக்கும் முறையை வகுத்தார். இங்கே நான் சொல்லப்போவது அந்த முறையின் ஆய்வகப் பேத்திதான். கல்லூரி ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ், வெப்ப அடுப்பு, குலுக்கும் அடைகாப்பான், நிறமானி ஆகியவை இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர்களின் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை, வேதியியலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பதப்படுத்திய கூழிலிருந்து எவ்வளவு சர்க்கரை வந்தது என்று பார்ப்பார்கள். அந்தக் கூழ் எவ்வளவு வைக்கோலிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுவார்கள். கணக்கு வைக்கோலில் தொடங்கி வைக்கோலில் முடிய வேண்டும். அதனால் முதல் நாளே ஒரு குறிப்பேடு போட்டு, எடுத்த எடை, மிஞ்சிய எடை, வடிந்த நீரின் அளவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

எந்தக் கழிவு, எந்த முறை

புல் இனப் பயிர்களின் கழிவோடு தொடங்குங்கள்: வைக்கோல், சோளத்தட்டை, கரும்புச் சக்கை. புல் இனங்களில் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஃபெரூலிக் அமிலம் போன்றவற்றின் எஸ்டர் பிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன. காரம் பட்டதும் அறுந்துபோகும் பிணைப்பு அது. பருத்திமார் மரத்தன்மை கொண்டது. மிதமான காரத்துக்கு அவ்வளவு எளிதில் இளகாது. தென்னை நார்க்கழிவில் லிக்னின் முப்பது சதவீதத்தைத் தாண்டும். முதல் சோதனைக்கு இவ்விரண்டும் வேண்டாம்.

வைக்கோலைத் தேர்ந்தெடுத்தாலும், அதைக் கழிவு என்று கூசாமல் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. காவிரிப் படுகையில் அது மாட்டின் உணவு. முதல் உரிமை தொழுவத்துக்கே. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே இருபது நாள்கூட இல்லாமல் வயலிலேயே கொளுத்தப்படும் பஞ்சாப், ஹரியாணாவில்தான் அது பெரும் சிக்கலாக நிற்கிறது. ஹரியாணாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை, அதாவது பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை, 2022 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டதற்கும் அதுவே பின்னணி. நம் சோதனைக்கு ஒரு கிலோ வைக்கோல் தாராளம்.

முறைகள் பல உண்டு. நீர்த்த கந்தக அமிலத்தில் சூடாக்கினால் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸ் என்ற சர்க்கரையாக நீரில் வந்துவிடும். ஆனால் சூடு கூடினால் அந்தச் சர்க்கரையே ஃபர்ஃபுராலாகச் சிதைந்து, பின்னால் சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்டை நோகடிக்கும். 180 முதல் 220 டிகிரி வரை சூடான நீராவியில் சில நிமிடம் வைத்து அழுத்தத்தைச் சட்டென விடுவிக்கும் நீராவி வெடிப்பு முறை ஆலைகளுக்கு ஏற்றது, அதற்குத் தனிக் கலன் வேண்டும். சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் அறுவடை முடிந்து ஒதுக்கும் வைக்கோல், பூஞ்சையே லிக்னினைத் தின்று பதப்படுத்திக் கொடுத்தது. வாரக்கணக்கில் ஆகும், பூஞ்சை தன் பங்குக்குச் சர்க்கரையையும் உண்டுவிடும். புதியவர்களுக்குக் காரமே சிறந்தது என்பது என் முடிவு. சாதாரண ஆட்டோகிளேவின் சூட்டிலேயே நன்றாக வேலை செய்யும், சர்க்கரையை அதிகம் சிதைக்காது, பலன் கண்ணுக்கே தெரியும்.

வைக்கோலைத் தயார் செய்தல்

பூசணம் பிடிக்காத, மழையில் நனையாத வைக்கோல் வேண்டும். பூசணம் பிடித்ததில் பாதிச் சர்க்கரையைப் பூஞ்சை ஏற்கெனவே தின்றிருக்கும். எந்த ரகம், எந்தப் பட்டம், எந்த ஊர், எப்போது அறுத்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். குறுவை வைக்கோலும் சம்பா வைக்கோலும் ஒன்றல்ல. வேரடி மண்ணை உதறி, குழாய் நீரில் ஓரிரு முறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும்.

காய்ந்ததை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பிறகு அரைவை இயந்திரத்தில் அரைத்துச் சலிக்கவும். அங்குலத்துக்கு 20 கண் கொண்ட சல்லடையில் இறங்கி 80 கண் சல்லடையில் தங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். தூசான பகுதியில் மண்ணும் சிலிக்காவும் மிகுதி, வடிகட்டும்போது துணியை அடைத்துக்கொள்ளும், கழுவும்போது ஓடியும் போகும். வைக்கோலில் சிலிக்கா இருப்பதால் அரைவைக் கத்தி சீக்கிரம் மழுங்கும். கல்லூரியின் மசாலா அரைக்கும் மிக்ஸியைத் தொடாதீர்கள்.

இப்போது ஈரப்பதம். வெயிலில் காய்ந்த வைக்கோலிலும் பத்து சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். இரண்டு கிராம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்திப் பாருங்கள். ஈரம் 10 சதவீதம் என்று வந்தால், 20 கிராம் உலர் வைக்கோலுக்கு 22.2 கிராம் எடுக்க வேண்டும். இனி வரும் எல்லா எடைகளும் உலர் எடையில்தான் பேசப்படும்.

காரத்தில் வேகவைத்தல்

200 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக் சோடா), அதாவது 1.5 சதவீதக் கரைசல். வைக்கோல் ஒரு பங்குக்குக் கரைசல் பத்துப் பங்கு. காஸ்டிக் வில்லைகள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும்; விரைந்து எடை போட்டுப் புட்டியை உடனே மூடுங்கள். வில்லைகளைத்தான் நீரில் போட வேண்டும், வில்லைகள் மேல் நீரை ஊற்றக் கூடாது. கரையும்போது கண்ணாடி கைசுடும் அளவுக்குச் சூடாகும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த மேசைக்கு வரவே வேண்டாம்: அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. தோலில் பட்டால் வழவழப்பாக இருக்கும், எரிச்சல் தாமதமாகத்தான் தெரியும். பட்ட உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

அலுமினியம் இந்தக் கரைசலுக்கு ஆகாது. காரம் அலுமினியத்தைக் கரைத்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். பல ஆய்வகங்களில் குடுவையின் வாயை அலுமினியத் தாளால் மூடும் பழக்கம் இருக்கிறது. இந்தச் சோதனையில் அந்தத் தாள் பொத்தல் பொத்தலாகிவிடும். தளர்வாகத் திருகிய பாலிபுரொப்பிலீன் மூடி போடுங்கள். ஆட்டோகிளேவ் இல்லையென்று வீட்டுக் குக்கரில் வேகவைக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நம் வீடுகளில் உள்ள குக்கர்களில் பெரும்பாலானவை அலுமினியம், அதில் நாளை சோறும் வடிக்க வேண்டும். வேண்டாம். ஆட்டோகிளேவ் கிடைக்காவிட்டால் 80 முதல் 90 டிகிரி நீர்த்தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம், அல்லது அறைவெப்பத்திலேயே ஒன்றிரண்டு நாள் ஊறவிடலாம். பலன் சற்றுக் குறையும், ஆனால் கற்றுக்கொள்ளப் போதும்.

500 மில்லிலிட்டர் போரோசிலிக்கேட் குடுவையில் வைக்கோலைப் போட்டுக் கரைசலை ஊற்றிக் கண்ணாடிக் கோலால் கிளறுங்கள். காய்ந்த வைக்கோல் மிதக்கும். எல்லாத் துணுக்கும் நனையும் வரை பத்து நிமிடம் பொறுத்துக் கிளற வேண்டும். நனையாத துணுக்கு பதப்படாத துணுக்கு. ஊற்றிய சில நொடிகளிலேயே கரைசல் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். பிறகு 121 டிகிரி செல்சியசில், 15 பவுண்டு அழுத்தத்தில், 30 நிமிடம். வெப்பம் 121ஐத் தொட்ட பிறகுதான் நேரம் எண்ண வேண்டும். அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு நீராவியைத் திறந்துவிட்டால் குடுவைக்குள் இருக்கும் கொதிகாரம் பொங்கி வழியும்.

வெளியே எடுக்கும்போது கரைசல் கட்டிக் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். அதுவே கருநீர். லிக்னின், ஹெமிசெல்லுலோஸில் ஒரு பங்கு, அசெட்டிக் அமிலத்தின் உப்பு, கரைந்த சிலிக்கா எல்லாம் அதில் இருக்கின்றன. ஆறியதும் ஒரு துளியைப் பிஹெச் தாளில் வைத்துப் பாருங்கள். 12க்கு மேல் காட்டினால் காரம் போதுமானதாக இருந்தது என்று பொருள். 10க்குக் கீழே இறங்கியிருந்தால் வேலை முடியும் முன்பே காரம் தீர்ந்துவிட்டது.

கழுவுதல்: பாதி வெற்றி இங்கேதான்

நாலு மடிப்பு மஸ்லின் துணியை அகலமான பீக்கரின் மேல் கட்டி, குடுவையில் உள்ளதை ஊற்றுங்கள். கையுறையோடு துணியை முறுக்கிப் பிழிந்து, கருநீரைத் தனியாகச் சேர்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பிழியாமல் நேராகக் குழாயடிக்குப் போனால் இரண்டு இழப்பு: கருநீரின் கணக்கு போகும், கழுவ இரட்டிப்புத் தண்ணீரும் ஆகும். 

பிறகு ஒவ்வொரு முறையும் 250 மில்லிலிட்டர் நீரில் கூழைக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டுப் பிழிய வேண்டும். ஐந்தாறு முறை ஆகும். முதல் நீர் தேநீர் நிறத்தில் வரும், மூன்றாவது வைக்கோல் நிறத்தில், ஆறாவது ஏறக்குறையத் தெளிவாக. கூழ் கையில் வழுவழுப்பாக இருக்கும் வரை காரம் உள்ளே இருக்கிறது. பிஹெச் 8 அல்லது 8.5இல் வந்து நின்றுவிட்டு அதற்குக் கீழே இறங்காது. நாரின் உள்ளே சிக்கிய காரம் மெல்லத்தான் வெளியேறும். அந்த நிலையில் லிட்டர் லிட்டராக நீரை ஊற்றாமல், கடைசிக் கழுவலுக்கு மட்டும் நீர்த்த சிட்ரேட் தாங்கல் (பஃபர்) கரைசலைப் பயன்படுத்தினால் சட்டென இறங்கிவிடும். வடிந்த நீரில் நுண்ணிய நார் மிதந்தால் அதை மறுபடி துணியில் ஊற்றிப் பிடியுங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அந்த வெண்மை, செல்லுலோஸ்.

எவ்வளவு தண்ணீர் ஆனது என்று கூட்டிப் பாருங்கள். இருபது கிராம் வைக்கோலுக்கு ஒன்றரை லிட்டர் என்றால், ஒரு டன்னுக்கு 75,000 லிட்டர். ஆய்வகத்தில் அழகாக நடக்கும் இந்த முறை ஆலைக்குப் போகும்போது ஏன் தடுமாறுகிறது என்பதற்கு முதன்மையான விடை இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. குறைந்த நீரில் கழுவுவது எப்படி, இரண்டாம் கழுவு நீரையே அடுத்த முறை காரம் கரைக்கப் பயன்படுத்துவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், அதுவே நல்ல ஆய்வுத் தலைப்பு.

கழுவிய கூழை அடுப்பில் உலர்த்தாதீர்கள். இந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். தொடக்க காலத்தில், எடை சரியாக வர வேண்டும் என்று ஒரு வாரத்துக் கூழ் முழுவதையும் இரவில் 105 டிகிரி அடுப்பில் வைத்தேன். காலையில் அது அட்டையாக விறைத்துக் கிடந்தது. அதே நொதி, அதே அளவு, அதே நேரம். ஈரக் கூழில் வந்த சர்க்கரைக்கு அருகில்கூட அது வரவில்லை. பதப்படுத்தல் நாரில் திறந்த நுண்துளைகள் நீர் வெளியேறும்போது ஒட்டி மூடிக்கொள்கின்றன, மீண்டும் நனைத்தாலும் முழுதாகத் திறப்பதில்லை. பட்ட பாடெல்லாம் துளை திறக்கத்தானே? ஈரமாகவே பிழிந்து, மூடிய டப்பாவில் 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

உலர் எடை தெரிய வேண்டுமே என்றால், ஈரக் கூழின் மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு கிராமாக மூன்று சிறு மாதிரிகளை மட்டும் உலர்த்திப் பார்க்கலாம். 60 கிராம் ஈரக் கூழில் 80 சதவீதம் ஈரம் என்றால், உலர் கூழ் 12 கிராம். இருபதில் பன்னிரண்டு: 60 சதவீதம் மீண்டிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

பதப்படுத்தும் முன்னும் பின்னும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதற்கு வழக்கமான முறை இரட்டை அமிலப் பகுப்பு: 300 மில்லிகிராம் மாதிரியை 3 மில்லிலிட்டர் 72 சதவீதக் கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, 84 மில்லிலிட்டர் நீர் சேர்த்து 4 சதவீதமாக நீர்த்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது. கரைந்து வருவது சர்க்கரை, கரையாமல் வடிதட்டில் நிற்பது லிக்னின். இதை முதல் முறை அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். 72 சதவீத அமிலத்துக்கு மன்னிப்பு கிடையாது.

வைக்கோலில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மரத்துக்கு எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள், வடிதட்டில் நின்றது அத்தனையும் லிக்னின் என்று எழுதிவிடுகிறார்கள். வைக்கோலில் பத்து சதவீதத்துக்கு மேல் சாம்பல் உண்டு, அதில் பெரும்பகுதி அமிலத்தில் கரையாத சிலிக்கா. வடிதட்டை 575 டிகிரி உலையில் எரித்து, மிஞ்சிய சாம்பலின் எடையைக் கழித்த பிறகு நிற்பதுதான் லிக்னின். உங்கள் வைக்கோலில் லிக்னின் 25 சதவீதம் என்று வந்தால் உலைக்குத் திரும்பிப் போங்கள்.

நொதியிடம் ஒப்படைத்தல்

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூஞ்சைதான் டிரைக்கோடெர்மா ரீசி. கூடாரத்தைத் தின்ற அதே நொதிகளின் வழித்தோன்றல்களை இன்று புட்டியில் வாங்குகிறோம்.

நொதியின் வலுவை வடிதாள் அலகில் அளப்பது மரபு. ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் கொண்ட வாட்மன் முதல் எண் வடிதாள் கீற்றை, பிஹெச் 4.8இல், 50 டிகிரியில், ஒரு மணி நேரம் நொதியில் வைத்து எவ்வளவு குளுக்கோஸ் வருகிறது என்று பார்க்கும் சோதனை அது. உலகமெங்கும் பின்பற்றப்படும் அதன் 1987ஆம் ஆண்டு வரையறையை எழுதியவர் டெல்லி ஐஐடியின் டி. கே. கோஷ். புட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் நீங்களே ஒரு முறை அளந்துவிடுங்கள். பழைய புட்டி வலுவிழந்திருக்கும்.

250 மில்லிலிட்டர் குடுவையில் 2.5 கிராம் உலர் எடைக்குச் சமமான ஈரக் கூழ், அதாவது 12.5 கிராம் எடுங்கள். அதற்குள்ளேயே 10 மில்லிலிட்டர் நீர் இருக்கிறது என்பதை மறக்காமல், 0.1 மோலார் சிட்ரேட் தாங்கல் 25 மில்லிலிட்டர், நீர் 12 மில்லிலிட்டர் சேர்த்து, பிஹெச் 4.8 இருக்கிறதா என்று கலவையிலேயே பாருங்கள். கிராமுக்கு 15 அலகு நொதி என்றால் 37.5 அலகு வேண்டும். மில்லிலிட்டருக்கு 75 அலகு கொண்ட நொதியானால் அரை மில்லிலிட்டர் போதும். மொத்தம் 50 மில்லிலிட்டர். உங்கள் நொதிக் கலவையில் பீட்டா குளுக்கோசிடேஸ் குறைவாக இருந்தால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை தேங்கி, மற்ற நொதிகளின் கையைக் கட்டிப்போடும்.

பல குறிப்புகளில் நுண்ணுயிர் வளராமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்க்கச் சொல்வார்கள். அது கொடிய நஞ்சு, அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு தரும். புதியவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, கூழும் தாங்கலும் உள்ள குடுவையை ஆட்டோகிளேவில் 15 நிமிடம் வைத்து ஆறவிட்டு, நொதியை மட்டும் 0.2 மைக்ரான் வடிப்பான் வழியாகச் செலுத்துவது பாதுகாப்பானது. கூடவே நொதி இல்லாத ஒரு குடுவையும், கூழ் இல்லாத ஒரு குடுவையும் கட்டாயம் வையுங்கள். விற்பனை நொதிக் கரைசல்களிலேயே சர்க்கரை கலந்திருப்பதுண்டு.

50 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று, 72 மணி நேரம். முதல் சில மணி நேரத்திலேயே கெட்டிக் கூழ் நீர்மோர் போல இளகிவிடும். முதன்முறை அதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் பழசாகவில்லை. 0, 6, 12, 24, 48, 72 மணியில் அரை மில்லிலிட்டர் எடுத்து, ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்து நொதியை நிறுத்தி, மையவிலக்கியில் சுற்றித் தெளிவை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறிக்கொண்டே வந்து பிறகு நிற்க வேண்டும். 24 மணியில் இருந்ததைவிட 48 மணியில் குறைந்திருந்தால் நுண்ணுயிரி புகுந்துவிட்டது. குடுவையைத் திறந்தால் புளித்த வாடையும் வரும். அந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம்.

அளவும் கணக்கும்

சர்க்கரையோடு சூடாக்கினால் நிறம் மாறும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை வைத்து அளக்கும் டிஎன்எஸ் முறையே எளிது. ஒரு மில்லிலிட்டர் மாதிரிக்கு மூன்று மில்லிலிட்டர் டிஎன்எஸ் கரைசல், சரியாக ஐந்து நிமிடம் கொதிநீர், உடனே குளிர்நீர், 540 நானோமீட்டரில் நிறம். மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 1 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் கரைசல்களால் நியமக் கோடு வரையுங்கள். உங்கள் மாதிரி அதைவிடப் பலமடங்கு செறிவானது, ஐம்பது மடங்கு நீர்க்க வேண்டியிருக்கும். இந்த முறை குளுக்கோஸையும் சைலோஸையும் பிரித்தறியாது. குளுக்கோஸ் மட்டும் தெரிய வேண்டுமென்றால், மருத்துவப் பரிசோதனை நிலையங்களில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட்டையே வாங்கிப் பயன்படுத்தலாம்.

இனி குறிப்பேட்டைத் திறப்போம். ஒரு மாதிரிக் கணக்கு: வைக்கோலில் செல்லுலோஸ் 36, ஹெமிசெல்லுலோஸ் 22, லிக்னின் 14 சதவீதம். 20 கிராமில் அவை 7.2, 4.4, 2.8 கிராம். பதப்படுத்திய 12 கிராம் கூழில் செல்லுலோஸ் 55, ஹெமிசெல்லுலோஸ் 20, லிக்னின் 7 சதவீதம், அதாவது 6.6, 2.4, 0.84 கிராம். லிக்னினில் 70 சதவீதம் போய்விட்டது, செல்லுலோஸ் 92 சதவீதம் தங்கிவிட்டது. நல்ல பதம். ஆனால் ஹெமிசெல்லுலோஸில் இரண்டு கிராம் கருநீரோடு போயிருக்கிறது.

72 மணியில், நொதி இல்லாத, கூழ் இல்லாத கட்டுப்பாட்டுக் குடுவைகளின் அளவைக் கழித்த பிறகு, மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிலிட்டரில் 1.5 கிராம். சங்கிலி அறுபடும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால், 0.9 கிராம் செல்லுலோஸ் ஒரு கிராம் குளுக்கோஸாகும்; ஹெமிசெல்லுலோஸுக்கு அது 0.88, இங்கே எளிமைக்காக இரண்டுக்கும் 0.9. 2.5 கிராம் கூழில் உள்ள 1.875 கிராம் மாவுப்பொருள்களால் (செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் சேர்ந்து) அதிகபட்சம் தர முடிந்தது 2.08 கிராம். ஆகவே 72 சதவீதம். பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

மேலே போங்கள். 12 கிராம் கூழுக்கு 7.2 கிராம் சர்க்கரை. 20 கிராம் வைக்கோலால் தர முடிந்தது 12.9 கிராம். உண்மையான விளைச்சல் 56 சதவீதம்தான். இதே வைக்கோலை 4 சதவீதக் காரத்தில் வேகவைத்து, கூழ் 8 கிராமாகச் சுருங்கி, அதில் 85 சதவீதம் மாவுப்பொருள் இருந்து, நொதி 90 சதவீதத்தைச் சர்க்கரையாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 72க்கு எதிரே 90: தாளில் எழுதப் பெருமையாக இருக்கும். ஆனால் கிடைத்த சர்க்கரை 6.8 கிராம், முதல் முறையைவிடக் குறைவு. காரமோ ஏறக்குறைய மூன்று மடங்கு. வைக்கோலில் முடியாத கணக்கு இப்படித்தான் ஏமாற்றுகிறது.

இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொள்ளலாம். 20 கிராமுக்கு 7.2 என்றால் டன்னுக்கு 360 கிலோ சர்க்கரை. எல்லாமே எத்தனாலானால் 230 லிட்டர் சொச்சம். பானிப்பட்டு ஆலையின் திட்ட அளவு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர், அதாவது டன்னுக்கு 150 லிட்டர். சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது என்பதையும், ஒவ்வொரு குழாயிலும் தொட்டியிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி புரியும்.

அடுத்த சோதனையில் காரத்தின் அளவு, நேரம், வெப்பம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 0.5, 1, 1.5, 2 சதவீதம் என்று காரத்தில் தொடங்குவது நல்லது. ஒவ்வொன்றையும் மூன்று குடுவைகளில் செய்ய வேண்டும்.

கருநீரை என்ன செய்வது

சாக்கடையில் ஊற்றக் கூடாது. அந்த நிறமும் காரமும் எந்த வாய்க்காலிலும் மீனை வாழவிடாது. வைக்கோலிலிருந்து காகிதம் செய்த சிறு ஆலைகள் கெட்ட பெயர் எடுத்ததற்கு இதே நீர் ஒரு காரணம். ஆய்வகத்தின் புகை போக்கிக் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்) வைத்து, நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாகக் கலக்கிக்கொண்டே சேர்த்தால், நுரை எழும்பி, பிஹெச் 2ஐ நெருங்கும்போது பழுப்புத் திரள்கள் பிரியும். இரவு முழுவதும் படியவிட்டு வடிகட்டுங்கள். மேல்நீரைப் பிஹெச் 7க்குக் கொண்டுவந்து ஆய்வகத்தின் வேதிக்கழிவுக் கலனில் ஒப்படைக்க வேண்டும்.

வடிதாளில் நின்றதை 50 டிகிரியில் உலர்த்தினால் காப்பித்தூள் போன்ற லிக்னின் கிடைக்கும். அதை எடை போடுங்கள். நம் மாதிரிக் கணக்கில் கூழிலிருந்து வெளியேறியது 1.96 கிராம். அதற்கு மேல் எடை காட்டினால் கூடவே படிந்த சிலிக்காவும் உப்பும் காரணமாக இருக்கலாம். ஒரு சிட்டிகையை உலையில் எரித்துச் சாம்பலைக் கழியுங்கள். குறைவாக இருந்தால் அமிலத்திலும் கரையும் லிக்னின் மேல்நீரோடு போயிருக்கிறது. எந்த எண் வந்தாலும், அதே பக்கத்தில், 20 கிராம் வைக்கோல் என்று எழுதிய முதல் வரிக்கு நேராகக் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.